180 லிட்டரில் மிஞ்சும் ஒன்றரை லிட்டர்

நலமாக இருக்கும் ஒருவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் நீரின் அளவு சுமார் 180 லிட்டர். அவர் அன்று கழிக்கும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர், மிஞ்சினால் இரண்டு லிட்டர். உடலில் உள்ள இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா மொத்தமே மூன்று லிட்டர்தான் என்பதால், அந்த மூன்று லிட்டரும் ஒரே நாளில் அறுபது முறை வெளியே எடுக்கப்பட்டு, அறுபது முறையும் ஏறக்குறைய முழுவதும் உள்ளே திரும்பிச் சேர்கிறது என்றுதான் இந்தக் கணக்குக்குப் பொருள். "இரத்தத்தில் உள்ள கழிவை வடிகட்டும் உறுப்பு" என்று பள்ளியில் படித்த விளக்கத்தில் இந்தத் திரும்பிச் சேர்தல் இடம்பெறுவதே இல்லை. மருத்துவ ஆய்வகத்தில் நெடுங்காலம் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்து வந்த எனக்கு, சிறுநீரகத்தின் வேலையில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

போகிக்கு முன் வீட்டை ஒழிக்கிறவர்கள் பரணில் எது குப்பை என்று தேடிக்கொண்டிருப்பதில்லை; எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்து உள்ளே வைப்பார்கள். சிறுநீரகம் செய்வதும் அதுவே. இன்னது நஞ்சு, இன்னது கழிவு என்று ஒவ்வொன்றாக அடையாளம் காண வேண்டிய கட்டாயம் அதற்குக் குறைவு. முதலில் தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா, மருந்தின் மிச்சம் எல்லாம் ஒன்றாக வெளியே வந்துவிடும். பிறகு உடலுக்கு வேண்டியவை திரும்ப எடுக்கப்படும். எடுக்கப்படாமல் நின்றுவிட்டதுதான் சிறுநீர். மனித உடல் இதற்கு முன் கண்டிராத ஒரு புதிய வேதிப்பொருளை இன்று உட்கொண்டாலும், அது நீரில் கரையும் சிறிய மூலக்கூறாக இருந்து புரதத்தோடு ஒட்டிக்கொள்ளாமலும் இருந்தால், அதை வெளியேற்றத் தனி ஏற்பாடு தேவைப்படாததற்கு இந்த முறைதான் காரணம்.

உறுப்பு இருக்கும் இடத்திலிருந்து தொடங்கலாம். "கிட்னி வலிக்கிறது" என்று சொல்லி வருகிறவர்கள் பெரும்பாலும் இடுப்பின் கீழ்ப்பகுதியில் கை வைத்துக் காட்டுவார்கள். சிறுநீரகங்கள் அதைவிட மேலே, வயிற்று உறைக்குப் பின்புறம், முதுகுத்தண்டின் இரு பக்கங்களிலும், கடைசி இரண்டு விலா எலும்புகளின் பாதி மறைவில் இருக்கின்றன. வலப்பக்கம் கல்லீரல் இடம்பிடித்துக்கொள்வதால் வலது சிறுநீரகம் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமும், ஏறத்தாழ 150 கிராம் எடையும் உள்ளது. உட்புறமாகக் குழிந்த பக்கத்தின் வழியே ஒரு தமனி உள்ளே செல்கிறது. ஒரு சிரையும் சிறுநீர் நாளமும் வெளியே வருகின்றன. நெடுக்காக அறுத்துப் பார்த்தால், வெளியே வெளிறிய புறணியும், உள்ளே கருஞ்சிவப்பான மெடுல்லாவும் தெரியும். மெடுல்லாவில் எட்டு முதல் பதினெட்டு வரையிலான கூம்பு வடிவப் பிரமிடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலிருந்தும் சிறுநீர் ஒரு சிறு கிண்ணத்தில் வடிந்து, கிண்ணங்கள் ஒன்றுகூடிப் பெல்விஸ் என்னும் புனலாகி, சிறுநீர் நாளத்தில் இறங்கும். இறைச்சிக் கடையில் ஆட்டின் சிறுநீரகத்தை வாங்கி அறுத்துப் பார்த்தாலும் புறணியும் மெடுல்லாவும் தெளிவாகத் தெரியும். ஆனால் ஆட்டில் பிரமிடுகள் தனித்தனியாக நிற்காமல் ஒரே முகடாக இணைந்திருக்கும் என்பதால், பாடநூல் படத்தோடு அது ஒத்துப்போகவில்லையே என்று மாணவர்கள் குழம்ப வேண்டியதில்லை.

உடல் எடையில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லாத இந்த இரண்டு உறுப்புகளுக்கும், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் அதிகம். தமக்கு வேண்டிய உணவுக்காக அவை இவ்வளவு இரத்தத்தைக் கேட்பதில்லை. கையாள வேண்டிய சரக்கே அந்த இரத்தம்தான். அதைக் கையாளும் நுண்ணலகின் பெயர் நெஃப்ரான். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உண்டு என்று சொல்வார்கள், ஆனால் மனிதருக்கு மனிதர் இந்த எண்ணிக்கை பல மடங்கு வேறுபடும். தாயின் வயிற்றில் ஏறத்தாழ 36ஆவது வாரத்தோடு நெஃப்ரான்கள் உருவாவது முடிந்துவிடுகிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் புதிதாக ஒன்றுகூட முளைப்பதில்லை. குறைமாதத்தில், எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் இரத்தக்கொதிப்பும் சிறுநீரக நோயும் வரும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதற்கு, கையிருப்பே குறைவாக இருப்பது ஒரு முக்கியக் காரணம்.

நெஃப்ரானின் தலைப்பகுதியில் மயிரிழை போன்ற இரத்தக் குழல்கள் முடிச்சாகச் சுருண்டிருக்கின்றன. இந்த முடிச்சான குளோமருலஸை இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி 1666இல் விவரித்தார். அதைச் சுற்றியிருக்கும் கிண்ணம் நுண்குழலோடு தொடர்ச்சியாக இணைந்திருக்கிறது என்பதை இங்கிலாந்தின் வில்லியம் பௌமன் 1842இல் காட்டினார். உடலின் மற்ற இடங்களில் நுண்குழல்களைக் கடந்த இரத்தம் சிரைக்குப் போய்விடும். இங்கே அது மறுபடியும் ஒரு நுண்தமனிக்குள் புக வேண்டியிருக்கிறது. உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் தசையால் இறுகவும் தளரவும் கூடிய தமனிகளாக இருப்பதால், நடுவிலுள்ள முடிச்சில் அழுத்தம் உயர்ந்தே நிற்கிறது. அந்த அழுத்தம்தான் நீரைச் சுவரின் வழியே கிண்ணத்துக்குள் தள்ளுகிறது. மூட்டு வலிக்காக நாள்தோறும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை விழுங்குகிறவர்களின் சிறுநீரகம் கெடுவதற்கான வழிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது: உள்ளே வரும் தமனியைத் திறந்து வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதை அந்த மாத்திரைகள் தடுத்துவிடுகின்றன. இளம் வயதில், நீர்ச்சத்து குறையாத உடலில், இது பெரும்பாலும் தெரியாமல் போய்விடும். வயிற்றுப்போக்கில் வாடிக் கிடக்கும் எழுபது வயதுக்காரருக்கு அதே மாத்திரை இரண்டே நாளில் சிறுநீரை நிறுத்திவிடக்கூடும்.

குளோமருலஸின் சுவர் மூன்று படலங்களால் ஆனது: துளைகள் நிறைந்த குழற்சுவர், அதன்மேல் ஒரு மென்சவ்வு, அதற்கும் மேல் கால் விரல்களைப் பின்னிக்கொண்டு நிற்கும் போடோசைட் செல்கள். இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் இதைத் தாண்டுவதில்லை. இரத்தப் புரதங்களில் ஒன்றான ஆல்புமின் அளவில் அத்தனை பெரிதல்ல என்றாலும், அதன் எதிர்மின்னூட்டத்தைச் சுவரின் எதிர்மின்னூட்டம் விலக்கித் தள்ளுவதும் அது பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிட உதவுகிறது. ஆகவே சிறுநீரில் ஆல்புமின் தொடர்ந்து தெரிகிறது என்றால், சுவரில் எங்கோ பழுது என்று பெரும்பாலும் பொருள். சோதனைப் பட்டைகள் பரவலாவதற்கு முன் நாங்கள் சோதனைக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீரை எடுத்து, மேற்பகுதியை மட்டும் சுடரில் காட்டிக் கொதிக்க வைப்போம். மேலே வெண்மையாகக் கலங்கினால், அசிட்டிக் அமிலம் சில துளிகள் விடுவோம். கலங்கல் தெளிந்துவிட்டால் அது பாஸ்பேட், தெளியாமல் நின்றால் புரதம். முட்டையின் வெண்கரு வெந்து திரள்வதும் இதுவும் ஒரே வேதியியல்தான். அந்தச் சோதனைக்கு அகப்படும் அளவுக்குப் புரதம் ஒழுகுவதற்குள் காலம் நிறையக் கடந்திருக்கும் என்பதுதான் அதிலிருந்த குறை.

கிண்ணத்தில் இறங்கிய 180 லிட்டரில் ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட உப்பும், 160 கிராமுக்கும் மேற்பட்ட குளுக்கோஸும் கலந்திருக்கின்றன. அண்மை சுருள் நுண்குழல் என்னும் முதல் வளைவிலேயே தண்ணீரிலும் உப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டுவிடும். குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் ஏறக்குறைய முழுவதுமே மீட்கப்பட்டுவிடும். இந்த மீட்புக்குச் சோடியத்தை ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்க வேண்டும், அதற்கு ஆற்றல் வேண்டும். இரத்த ஓட்டம் நின்றுபோகும் அதிர்ச்சி நிலைகளில் முதலில் மடிபவை இந்தக் குழல்களின் செல்களே என்பதில் வியப்பில்லை. அவை மறுபடியும் வளரும் திறன் உடையவை. இதனால்தான் பாம்புக்கடியிலோ கடும் வயிற்றுப்போக்கிலோ சிறுநீர் நின்றுபோனவர்கள் சில வாரங்கள் டயாலிசிஸ் செய்துகொண்டபின் தேறி வீடு திரும்புவதும் உண்டு.

குளுக்கோஸை மீட்பதற்கு ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டும்போது மீட்கும் புரதங்கள் எல்லாம் நிரம்பி வழிந்து, மிச்சம் சிறுநீரோடு போகத் தொடங்கும். பெனடிக்ட் கரைசல் ஐந்து மில்லிலிட்டரில் எட்டுத் துளி சிறுநீரை விட்டுக் கொதிக்க வைத்து, நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நிற்பதைப் பார்த்துச் சர்க்கரையை அளந்த காலத்தில், இந்த வரம்புக்குக் கீழே இருந்த நீரிழிவு எங்கள் கண்ணுக்குத் தப்பியே இருந்தது. மாறாக, கருவுற்ற பெண்களுக்கு வடிகட்டும் அளவு கூடுவதால், இரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே சிறுநீரில் சர்க்கரை தெரிவதும் உண்டு.

ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுக்கப்பட்ட ஃப்ளோரிசின் என்னும் பொருள், குளுக்கோஸை மீட்கும் இந்த வாயிலை அடைத்துவிடும். அதை உட்கொண்டால் சிறுநீரில் சர்க்கரை போவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே நோக்கப்பட்டு வந்தது. அதன் வழியில் உருவானவையே இன்று நீரிழிவுக்காரர்கள் உட்கொள்ளும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள். சர்க்கரையை வேண்டுமென்றே சிறுநீரில் போகவிடுவதுதான் இவற்றின் வேலை. ஆகவே இந்த மாத்திரை எடுப்பவரின் சிறுநீரில் சர்க்கரை நான்கு பிளஸ் என்று அறிக்கை வந்தால் அது மருந்து வேலை செய்வதற்கான அடையாளமே. அறிக்கையைப் பார்த்துப் பதறி மாத்திரையை நிறுத்திவிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். குளோமருலஸின் அழுத்தத்தையும் தணிப்பதால், நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிகள் பலருக்கும் இப்போது இவை எழுதித் தரப்படுகின்றன.

முதல் வளைவைத் தாண்டிய குழல், மெடுல்லாவின் ஆழத்துக்கு இறங்கி மீண்டும் மேலே ஏறுகிறது. ஜெர்மானியரான யாக்கோப் ஹென்லேயின் பெயரால் அழைக்கப்படும் இந்த வளைவின் இறங்கு பாதை தண்ணீரை வெளியே விடும். ஏறு பாதை தண்ணீரை விடாமல் உப்பை மட்டும் வெளியே இறைக்கும். எதிரெதிராக ஓடும் இந்த இரண்டு பாதைகளாலும் மெடுல்லாவின் ஆழம் இரத்தத்தைப் போல நான்கு மடங்கு செறிவாகிவிடுகிறது. கடைசியில் சேகரிப்பு நாளம் அந்தச் செறிந்த பகுதியின் ஊடாகவே கீழே இறங்குகிறது. அங்கே தண்ணீர் வெளியே போகலாமா கூடாதா என்பதை, மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரக்கும் ஏடிஎச் ஹார்மோன் தீர்மானிக்கிறது. ஹார்மோன் வந்தால், அக்வாபோரின் என்னும் நீர்வாயில்கள் நாளத்தின் சுவருக்கு வந்து சேர்ந்து, தண்ணீர் நாளத்தை விட்டு உடலுக்குள் திரும்பும். வராவிட்டால் தண்ணீர் அப்படியே சிறுநீராகப் போகும். இந்த வாயில்களைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் அக்ரி 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மது ஏடிஎச் சுரப்பைக் குறைப்பதால்தான் குடித்தவர்களுக்குச் சிறுநீர் அடிக்கடி வருகிறது, மறுநாள் நாவும் வறள்கிறது.

நான்கு மடங்குக்கு மேல் செறிவாக்க மனிதச் சிறுநீரகத்தால் இயலாது. அன்றாடம் வெளியேற்ற வேண்டிய யூரியாவையும் உப்பையும் கரைத்து அனுப்பக் குறைந்தது அரை லிட்டர் சிறுநீராவது வேண்டும் என்பது இந்த வரம்பிலிருந்து வருகிற கணக்கு. கடல் நீரைக் குடித்து உயிர் தப்ப முடியாது என்பதற்கும் இதுவே காரணம். அதிலுள்ள உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிகமான தண்ணீரை உடல் இழக்க நேரும். எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்று கேட்பவர்களுக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரு லிட்டர்க் கணக்கு என்னிடம் இல்லை. சித்திரை வெயிலில் கட்டட வேலை பார்ப்பவருக்கும் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? தாகத்துக்குக் குடித்து, சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டால் நலமாக இருப்பவருக்குப் போதும். சிறுநீரகமோ இதயமோ கெட்டு, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவருக்கு இது பொருந்தாது.

பெல்விஸில் சேரும் சிறுநீர் தானாக வழிந்து கீழே இறங்குவதில்லை. 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறுநீர் நாளத்தின் தசை, நிமிடத்துக்குச் சில முறை மேலிருந்து கீழாகச் சுருங்கி, சிறு சிறு மடக்குகளாக அதைச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளுகிறது. படுத்திருந்தாலும் இது நடக்கும். நாளம் மூன்று இடங்களில் குறுகுகிறது: பெல்விஸை விட்டுப் புறப்படும் இடம், இடுப்பின் பெரிய இரத்தக் குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பையின் சுவருக்குள் நுழையும் இடம். கல் சிக்குவதும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான். சிக்கிய கல்லைத் தள்ள நாளம் முயல்வதால் மேலே சிறுநீர் தேங்கி அழுத்தம் ஏற, விலாவின் கீழே தொடங்கி அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கும் அந்த வலியை அனுபவித்தவர்கள், பிள்ளைப்பேற்று வலியோடு ஒப்பிடுவார்கள். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்குமா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். சாற்றோடு சேர்ந்து உள்ளே போகும் தண்ணீருக்குப் பங்கு உண்டு என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். கல் வந்தவர்கள் நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகுமளவுக்குக் குடிக்க வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

சிறுநீர் நாளங்கள் பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்து நுழைவதால், பை நிறைந்து அழுத்தம் ஏறும்போது அந்த வழி தானாகவே நசுங்கி மூடிக்கொள்ளும். சிறுநீர் மேலே திரும்புவதில்லை. சில குழந்தைகளுக்கு இந்தச் சாய்வு போதாமல் சிறுநீர் எதிரேறி, காய்ச்சலும் சிறுநீரகத்தில் தழும்பும் உண்டாகின்றன. பையில் 150 முதல் 200 மில்லிலிட்டர் சேரும்போதே முதல் உணர்வு வரும். 400, 500 வரை தாங்கும். பெண்களின் சிறுநீர்ப் புறவழி நான்கு சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு இருபது. குடலில் வாழும் ஈ. கோலி கிருமி பெண்களின் பைக்குள் எளிதாக ஏறிவிடுவதற்கு இந்த வேறுபாடு ஒரு காரணம். வெளியூர்ப் பேருந்திலும் வேலையிடத்திலும் நல்ல கழிப்பறை இல்லை என்பதற்காகக் காலை முதல் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் பழகிய பெண்களுக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருவதை உடற்கூற்றின் மேல் மட்டும் பழிபோட்டு முடித்துவிட முடியாது.

சிறுநீரைத் தவிர வேறு சிலவற்றையும் இந்த உறுப்பு பார்த்துக்கொள்கிறது. எலும்பு மச்சையை இரத்தச் சிவப்பணுக்கள் உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபாய்டின், இரத்த அழுத்தத்தை ஏற்றும் தொடர்வினையைத் தொடங்கிவைக்கும் ரெனின் ஆகியவை இங்கே சுரக்கின்றன. வைட்டமின் டி இறுதி வடிவம் பெறுவதும் பெரும்பாலும் இங்கேதான். சோகை என்று இரும்புச்சத்து மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கிவந்தவருக்கு, கடைசியில் சிறுநீரகச் செயலிழப்பு என்று தெரியவருவது இதனால்தான்.

ஏன் அவ்வளவு தாமதமாகத் தெரிகிறது? நெஃப்ரான்கள் சில அழிந்தால், எஞ்சியவை பெரிதாகி அவற்றின் சுமையையும் ஏற்றுக்கொள்ளும். ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்தவர் இயல்பாக வாழ்வது இந்தத் திறனால்தான். நோய் பல்லாண்டுகள் மறைந்திருப்பதும் இதே திறனால்தான். வலி இல்லை, சிறுநீரும் வழக்கம்போல் போகும். கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருள் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும், எல்லாரும் நம்பியிருக்கும் சோதனையிலும் ஒரு மறைவு இருக்கிறது. மாக்ஸ் யாஃபே 1886இல் விவரித்த, பிக்ரிக் அமிலத்தோடு ஆரஞ்சு நிறம் தரும் வினையை வைத்தே இன்றும் பல ஆய்வகங்கள் அதை அளக்கின்றன. இயல்பு வரம்பு டெசிலிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிகிராம் என்று அறிக்கையில் அச்சிட்டிருக்கும். கிரியேட்டினின் இரண்டு மடங்கானால் வடிகட்டும் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது என்று பொருள், அப்படியானால் 0.6இலிருந்து 1.2க்கு ஏறியவர் பாதித் திறனை இழந்தபின்னும் அறிக்கையில் "இயல்பு" என்ற எல்லைக்குள்ளேயே இருப்பார். தசையிலிருந்து வருகிற பொருள் என்பதால், உடற்பயிற்சிக் கூடத்து இளைஞருக்கு 1.2 இயல்பாக இருக்கலாம். நாற்பது கிலோ எடையுள்ள பாட்டிக்கு அதே 1.2 கவலைக்குரியது. கிரியேட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்து, வடிகட்டும் திறனைக் கணக்கிட்டுச் சொல்லும் ஈஜிஎஃப்ஆர் என்ற எண்ணைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அது மூன்று மாதங்களுக்கு மேல் 60க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய்.

சிறுநீரகம் முற்றாகக் கைவிட்டபின் செய்யப்படும் டயாலிசிஸ், 1943இல் நெதர்லாந்தின் காம்பன் நகரில் வில்லம் கோல்ஃப் உருவாக்கிய சுழலும் உருளையிலிருந்து தொடங்குகிறது. மீட்டெடுக்கும் வேலை அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. ஆகவே உடலில் தங்க வேண்டிய சோடியம் போன்றவற்றை இரத்தத்தில் உள்ள அளவுக்கு ஏறக்குறையச் சமமாக முன்கூட்டியே கலந்த கரைசலைச் சவ்வின் மறுபக்கத்தில் ஓடவிட்டு, அவை வெளியேறாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். வாரத்தின் 168 மணி நேரமும் நடக்க வேண்டிய வேலை, மும்முறை செய்துகொண்டாலும் பன்னிரண்டு மணி நேரமே நடக்கிறது. இடைப்பட்ட நாட்களில் தண்ணீரும், இளநீரிலும் பழங்களிலும் மிகுந்துள்ள பொட்டாசியமும் உடலில் தேங்குகின்றன. மாற்றுச் சிறுநீரகம் அந்த மீட்பு வேலையையும் செய்கிறது. பாஸ்டனில் 1954இல் ஒற்றைக் கருமுட்டை இரட்டையர்களுக்கிடையே ஜோசப் மர்ரே செய்த அறுவைதான் முதல் நிலைத்த வெற்றி. இந்தியாவில் 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அது கைகூடியது. புதிய சிறுநீரகத்தைப் பழையது இருந்த இடத்தில் வைப்பதில்லை. பழையவற்றைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, அடிவயிற்றில் இடுப்பெலும்பின் குழிவில் வைத்து இணைக்கிறார்கள். நரம்புகள் எல்லாம் அறுபட்ட நிலையிலும் அது வேலை செய்கிறது.

நீரிழிவோ இரத்தக்கொதிப்போ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஈஜிஎஃப்ஆரோடு சேர்த்துச் சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் இருந்தால், சில வாரங்கள் விட்டு மறுபடியும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிடாய் இருக்கும் நாட்களிலும் கடுமையான உடற்பயிற்சிக்கு மறுநாளும் இதைத் தவிர்ப்பது நல்லது. விடியற்காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் செறிவாக இருப்பதால் அதுவே ஏற்றது. முதலில் சிறிது போகவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். தாமதமானால் கிருமிகள் பெருகும், அணுக்கள் சிதையும், சர்க்கரையும் குறைந்துவிடும். பிடிப்பதற்கு ஆய்வகம் தரும் புட்டியே வேண்டும், ஏனென்றால் வீட்டில் கிடந்த இருமல் மருந்துக் குப்பியை அலசி அதில் கொண்டுவந்து, குப்பியில் ஒட்டியிருந்த பாகினால் சர்க்கரை நோயாளி என்று பெயர் வாங்கிப் போனவர்களும் இருந்தார்கள்.